2 பே நாஸ்: 4 டிபி டிஸ்க் எதை வாங்கலாம், எப்படிப் போடணும்?

வைகைக்கரை:
2 பே (டிஸ்க் போடும் இடம்) உள்ள சைனாலஜி நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் பெட்டி) வாங்கியாச்சு, டிஸ்க் இன்னும் வாங்கலை. போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து 2.5 டிபி வரும். 4 டிபி ரெண்டு போட்டு, ஒன்றில் இருப்பது மற்றதிலும் இருக்கிற மாதிரி வைக்கலாம்னு எண்ணம். பாரகுடா என்ற டெஸ்க்டாப் டிஸ்க் விலை கம்மி. நாஸுக்கென்றே ரெட், ரெட் பிளஸ், ஐயன்வுல்ஃப் என்கிறார்களே, நிஜமாகவே வித்தியாசம் இருக்கா?

கம்பிவடம்:
இருக்கு, எழுதுகிற முறையிலேயே. 4 டிபி பாரகுடாவும், மாடல் எண் 'ஈஎஃப்ஏஎக்ஸ்' என்று முடியும் சாதா ரெட்டும் எஸ்எம்ஆர் என்ற முறையில் எழுதுபவை. கூரை ஓடு மாதிரி ஒரு டிராக் மேல் அடுத்தது ஏறி நிற்கும். ஓரிடத்தை மாற்றினால் பக்கத்து டிராக்குகளையும் திரும்ப எழுதணும். அன்றாடம் ஃபைல் போடும்போது இது தெரியாது. ஒரு டிஸ்க் போய், புதுசு மாட்டி ரீபில்ட் (மற்ற டிஸ்க்கில் இருப்பதைப் புதுசில் திரும்ப எழுதுவது) ஓடும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும். இடைவிடாமல் எழுதுவதால் கேஷ் பகுதி (தற்காலிகமாக எழுதி வைக்கும் இடம்) நிரம்பி வேகம் படுத்துவிடும். சில நேரம் டிஸ்க் பதிலே தராமல் போக, நாஸ் அதைக் கெட்டதாகக் கருதி ஒதுக்கிவிடும். ரெட்டில் எஸ்எம்ஆர் இருப்பது 2020 ஏப்ரலில் வெளிவந்த பிறகுதான் சிஎம்ஆர் (டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத) மாடல்களுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது. ரெட் பிளஸ், ஐயன்வுல்ஃப் இரண்டில் எது மலிவோ அதை எடுங்க.

இன்னொன்று: படிக்க முடியாத செக்டர் (டிஸ்க்கின் ஒரு சிறு பகுதி) வந்தால் நாஸ் டிஸ்க் சுமார் 7 விநாடியில் கைவிட்டுவிடும், நாஸ் மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப் டிஸ்க் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும்.

மின்னல்வெட்டு:
வாங்கியதும் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு, வாரண்டி இங்கே செல்லுமா என்று பாருங்க. முடிந்தால் இரண்டையும் வேறு வேறு கடையில் வாங்குங்க. ஒரே லாட்டில் குறை இருந்தால் இரண்டும் அடுத்தடுத்துப் போகும்.

நாஸை அணைத்து, டிரேயின் பக்கக் கிளிப்பைக் கழற்றி, டிஸ்க்கை வைத்துக் கிளிப்பை அழுத்துங்க. 3.5 இன்ச்சுக்கு இந்த வகை டிரேயில் ஸ்க்ரூ தேவையில்லை. டிரேயை நேராகத் தள்ளணும். சாய்த்து அழுத்தினால் உள்ளே கனெக்டர் கெடும். டிஎஸ்எம் (சைனாலஜியின் இயங்குதளம்) ஏறியதும் எஸ்எச்ஆர் (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா வைக்கும் முறை), பிடிஆர்எஃப்எஸ் (ஃபைல் சிஸ்டம்) தேர்ந்தெடுங்க. 3.6 டிபிதான் காட்டும், கணக்கிடும் முறைதான் வேறு, பயப்பட வேண்டாம்.

டேட்டா ஏற்றும் முன் இரண்டிலும் எக்ஸ்டெண்டட் ஸ்மார்ட் டெஸ்ட் (டிஸ்க் தன்னைத்தானே முழுதாகச் சோதிப்பது) ஓட்டுங்க; 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரமாவது ஆகும். ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 (கெட்ட அல்லது சந்தேகமான செக்டர்கள்) ஆகியவற்றின் எண்ணிக்கை 0 தான் இருக்கணும். இல்லையென்றால் அன்றே மாற்றக் கொடுங்க. 199 (டேட்டா போகும் வழியில் வரும் பிழைகள்) மட்டும் ஏறினால் டிஸ்க் மேல் பழி போடாதீங்க, பெரும்பாலும் கனெக்டர்தான். டிரேயை எடுத்துத் திரும்பச் சொருகிப் பாருங்க.

வைகைக்கரை:
நன்றி. அப்போ தனி பேக்கப் வேண்டாமா?

கம்பிவடம்:
கட்டாயம் வேணும். ஒரு போட்டோவை அழித்தால் இரண்டிலும் அந்த நொடியே அழியும். யூஎஸ்பி கேஸில் ஒரு டிஸ்க் போட்டு ஹைப்பர் பேக்கப்பில் (சைனாலஜியின் பேக்கப் ஆப்) வாரம் ஒருமுறை எடுத்து, கழற்றி வையுங்க. உங்க மலிவு பாரகுடா அதற்குத் தாராளமாகப் போதும். யூபிஎஸ் வாங்கினால் யூஎஸ்பி போர்ட் உள்ளதாகப் பாருங்க; கரண்ட் போனால் நாஸ் தானே ஒழுங்காக அணையும்.