செபாங் 2012: நரேன் குறுக்கே வந்தாரா, வெட்டல் உரசினாரா?

செட்டிபாளையத்தான்
நேற்று இங்கே ஒருவர் பயணக் கட்டுரை போட்டிருந்தார். வருஷா வருஷம் நண்பர்கள் சேர்ந்து சென்னையிலிருந்து கோலாலம்பூர் பறந்து செபாங் டிராக்கில் ஃபார்முலா 1 (எஃப் 1) கார் ரேஸ் பார்ப்பார்களாம். நல்ல விஷயம், போய் வாருங்கள். விமான டிக்கெட், விடுதி, நாசி லெமாக் எல்லாம் எழுதிவிட்டு நடுவில் ஒரு வரி: "2012-ல் நம்ம நரேன் குறுக்கே புகுந்து வெட்டலின் டயரைக் கிழித்ததைக் கண்ணால் பார்த்தோம், மானம் போச்சு." ஏனுங்க, எங்கள் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் குறுக்கே புகுந்தாரா? அவர் பாட்டுக்கு அவர் பாதையில் போய்க்கொண்டிருந்தார். அவரை முழுசாக முந்துவதற்குள் வளைந்தது அப்போதைய உலக சாம்பியன் செபாஸ்டியன் வெட்டல். யார் வளைந்தது? அதை மட்டும் சொல்லுங்கள்.

செபாங் செட்டு
எழுதியது நான்தான். நீங்கள் டிவியில் பார்த்தவர், நாங்கள் அங்கே நனைந்தவர்கள். சிவப்புக் கொடி காட்டி ரேஸை ஏறக்குறைய 50 நிமிடம் நிறுத்தியபோதும் இடத்தை விட்டு நகரவில்லை. நீலக் கொடி காட்டினால் பின்தங்கிய வண்டி ஒதுங்க வேண்டும், விதி அவ்வளவுதான். நாலாவது இடத்தில் போன வெட்டல் 11-வதாக முடித்தார், ஒரு புள்ளிகூட இல்லை. ரேஸ் நடுவர்களான ஸ்டூவர்டுகள் நரேனுக்குத்தான் 20 விநாடி அபராதம் போட்டார்கள், வெட்டலுக்கு இல்லை. கதை முடிந்தது.

செட்டிபாளையத்தான்
அபராதம் யாருக்குப் போட்டார்கள் என்று நான் கேட்கவே இல்லை. யார் வளைந்தது என்று கேட்டேன்.

சரி, நேரில் பார்த்தவர் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். ரேஸை நிறுத்தியபோது நரேன் 10-வது இடத்தில் இருந்தார். எந்த வண்டியில்? கடைசி வரிசை அணியான எச்ஆர்டி-யில்! ஒரு வாரம் முன்பு மெல்போர்ன் தகுதிச் சுற்றில், அதிவேக வண்டியின் நேரத்தில் 107 சதவீதம் என்ற வரம்புக்குள் வர முடியாமல் ரேஸுக்கே அனுமதி கிடைக்காத வண்டி. கனமழை டயரைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள், வானம் கைகொடுத்தது. மறுபடி தொடங்கியதும் ஜென்சன் பட்டன் வந்து நரேன் வண்டியில் மோதித் தன் முன் இறக்கையை உடைத்துக்கொண்டார். 2009 சாம்பியன். அவர் என்ன சொன்னார்? தப்பு தன்னுடையது என்றார். அது மனுஷன். வெட்டல் என்ன செய்தார்? வெள்ளரிக்காய் என்று திட்டினார். நரேனும் விடவில்லை, அழுமூஞ்சி என்று திருப்பிக் கொடுத்தார். உங்கள் கட்டுரையில் பட்டனைக் காணோம், 10-வது இடத்தைக் காணோம், மானம் மட்டும் போயிருக்கிறது. யார் வளைந்தது?

அம்பத்தூர் கியர்
ஒரே நாளில் இரண்டு உலக சாம்பியன்கள் ஒரே வண்டியில் வந்து மோதினார்கள். இருவர் கண்ணும் ஒன்றாகக் கெட்டுப்போயிருக்கும் போல. பாவம் நரேன்.

அடுத்து நரேன் அமெரிக்காவில் எடுத்த 2005 இண்டியானாபோலிஸ் நாலாவது இடம் வருமே? ஆறே வண்டி ஓடிய ரேஸ், அதில் நாலாவது. எங்கள் ஊர்க்காரர் கருண் சாந்தோக்கும் 2010-ல் இதே எச்ஆர்டி-யைத்தான் ஓட்டினார். அவரை யாரும் காய்கறி பெயர் சொல்லித் திட்டவில்லை.

செட்டிபாளையத்தான்
வாங்க அம்பத்தூர், உங்களைத்தான் எதிர்பார்த்தேன். மிஷலின் டயர் அணிகள் டயர் தாங்காது என்று பயந்து அந்த ரேஸிலிருந்து ஒதுங்கினால் அதற்கு நரேனா பொறுப்பு? அந்த நாலாவது இடத்துக்கு 5 புள்ளி. எஃப் 1-ல் இந்தியர் எடுத்த புள்ளி அது மட்டும்தான். உங்கள் ஊர்க்காரர் எடுத்தது எவ்வளவு? நீங்களே எழுதுங்கள், நான் எழுதினால் கோயம்புத்தூர் திமிர் என்பீர்கள்.

கிளாங்காரன்
அண்ணே, சண்டையில் ஒன்று கேட்கட்டுமா? செபாங் டிராக் 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. புல்மேட்டில் உட்கார்ந்தால் இரண்டு மூன்று வளைவு தெரியும், மிச்சம் பெரிய திரைதான். மழை பிடித்தால் அதுவும் கலங்கல். 2009-ல் சாயங்காலம் 5 மணிக்கு ஆரம்பித்து, மழையும் இருட்டுமாக 31 சுற்றுக் கணக்கோடு முடித்துப் பாதிப் புள்ளி கொடுத்தார்களே, அன்றைக்கு எதிரில் நின்ற ஆளே தெரியவில்லை. செட்டு அண்ணன் 2012-ல் எந்த ஸ்டாண்ட்?

செபாங் செட்டு
எந்த ஸ்டாண்டாக இருந்தால் என்ன? பார்த்தோம். கூட இருந்த எல்லோரும் சாட்சி.

தல ரசிகன்
பழைய கதை எதற்கு? 2025 ஜனவரி துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் அணி போர்ஷே கார்களுக்கான 992 பிரிவில் மூன்றாம் இடம். செட்டு சேர்ந்து போவதென்றால் துபாய் போங்கள்.

பின்சீட்டுக்காரன்
"கூட இருந்த எல்லோரும்" என்றதால் வருகிறேன். அந்த எல்லோரில் நானும் ஒருவன். நீ அன்றைக்கு ஸ்டாண்டிலேயே இல்லை. முதல் தூறலுக்கே மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கீழே சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போனவன், கையில் மைலோ பானக் கோப்பையோடு திரும்பி வந்தபோது ஃபெராரியின் அலோன்சோ முதலாவதாகக் கோடு தாண்டிவிட்டார். "யார் ஜெயிச்சா?" என்று என்னிடம்தான் கேட்டாய். அன்று ஆறு பேருக்கும் டிக்கெட் எடுத்தவன் நான். உன் பங்கு இன்னும் வரவில்லை, அதையும் கட்டுரையில் சேர்த்துக்கொள்.

செபாங் செட்டு
விடுதிக் காசு யார் கொடுத்தது? விமான நிலைய டாக்ஸி? பொதுவில் பேசுகிற பேச்சா இது? நீயாகத்தான் செட்டை விட்டுப் போனாய்.

செட்டிபாளையத்தான்
மைலோ! கண்ணால் பார்த்த சாட்சி மைலோ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அம்பத்தூர், இதற்கும் காய்கறி உவமை ஏதாவது உண்டா?

அம்பத்தூர் கியர்
அவர் மைலோ குடித்தாலும் கள்ளு குடித்தாலும் ஸ்டூவர்டுகள் குடிக்கவில்லை பாஸ். அவர்களிடம் வண்டி கேமராவே இருக்கிறது. 20 விநாடி. நாலாவது இடம் என்றால் 12 புள்ளி. அந்த வருஷம் அலோன்சோவை விட வெட்டல் வெறும் 3 புள்ளிதான் அதிகம். நரேன் கிட்டத்தட்ட ஒரு உலகக் கோப்பையையே மாற்றி எழுதியிருப்பார்.

செட்டிபாளையத்தான்
மாற்றினாரா? 281-க்கு 278, கோப்பை வெட்டல் வீட்டுக்குத்தான் போனது. அப்புறம் எதற்கு அழுகை? வண்டி கேமரா பார்க்கச் சொன்னீர்கள், பார்த்தேன், நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வெட்டலின் பின் டயர்தான் நரேனின் முன் இறக்கை மேல் வருகிறது. இறக்கை டயரைத் தேடிப் போகவில்லை. நரேன் ஓரத்துக்கு எவ்வளவு போக முடியுமோ அவ்வளவு போய்விட்டார், அதற்கு மேல் புல்தான். இன்னும் ஒரு கார் நீளம் பொறுத்திருந்தால் உரசலே இல்லை. யார் வளைந்தது என்பதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை, கவனியுங்கள்.

அம்பத்தூர் கியர்
ஸ்டூவர்டுகள் சொல்லிவிட்டார்கள்.

செட்டிபாளையத்தான்
ஸ்டூவர்டுகளும் மைலோவா?

செபாங் செட்டு
உங்கள் நரேனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எஃப் 1 2017-லேயே செபாங்கை விட்டுப் போய்விட்டது, நாங்கள் இப்போது மோட்டோஜிபி பைக் ரேஸுக்குத்தான் போகிறோம். 2015-ல் பைக் வீரர் வாலண்டினோ ராஸி இன்னொரு வீரர் மார்க் மார்க்கெஸை உதைத்துத் தள்ளியதையும் நேரில் பார்த்தவர்கள் நாங்கள்.

பின்சீட்டுக்காரன்
2015-க்கு நீ வரவே இல்லையே.

மஞ்சள் 46
யார் உதைத்தது? காலால் உதைத்தார் என்று நடுவர் குழுவான ரேஸ் டைரக்‌ஷனே சொல்லவில்லை. வேண்டுமென்றே வெளியே தள்ளிக்கொண்டு போனதற்குத்தான் ராஸிக்கு 3 தண்டப் புள்ளி. ராஸியின் முழங்கால் மேலே வந்து சாய்ந்தது மார்க்கெஸ். தெரியாமல் எழுதாதீர்கள். எந்தக் கால், எந்த நொடியில் உதைத்தது, சொல்லுங்கள் பார்ப்போம்.