நத்தையைத் தின்னும் புழு: ஹவாய்க் காட்டு அந்துப்பூச்சி பற்றி ஓர் ஐயம்

ஓடைக்கரை (கேள்வி):

அந்துப்பூச்சிகளின் புழுக்கள் இலை தழைகளையும், மிஞ்சிப்போனால் தானியத்தையும் கம்பளித் துணியையும் அரித்துத் தின்னும் என்றே இதுவரை படித்திருக்கிறேன். ஆனால் ஹவாய்த் தீவுகளின் காடுகளில் வாழும் ஹைப்போஸ்மோகோமா மொல்லுசிவோரா என்னும் சின்னஞ்சிறு அந்துப்பூச்சியின் புழு, உயிருள்ள நத்தையைப் பிடித்துத் தின்பதாக ஒரு கட்டுரையில் கண்டேன். செத்த நத்தையை அரிப்பதைத்தான் வேட்டை என்று பெரிதுபடுத்திவிட்டார்களா? வேட்டைதான் என்றால், மெல்ல ஊரும் ஒரு புழு நத்தையை எப்படி அடக்குகிறது? இதே பேரினத்தின் வேறு சில புழுக்கள் நீருக்கடியிலும் வாழும் என்று அக்கட்டுரை சொல்கிறது. அதையும் யாரேனும் விளக்கினால் நன்றாக இருக்கும்.

புங்கமரம்:

மிகை எதுவும் இல்லை, வேட்டையேதான். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் டேனியல் ரூபினாஃப், வில்லியம் ஹைன்ஸ் ஆகிய இருவரும் 2005ஆம் ஆண்டில் ‘சயின்ஸ்’ இதழில் இதனை விவரித்தார்கள். புழு ஏறக்குறைய 8 மி.மீ. நீளமே இருக்கும், தான் நூற்ற பட்டிழையால் கட்டிய கூட்டைச் சுமந்தபடியே திரியும். இலைமேல் ஓய்ந்திருக்கும் டொர்னாட்டெல்லிடீஸ் வகைக் குறுநத்தை எதிர்ப்பட்டால், அதன் ஓட்டையும் இலைப்பரப்பையும் சேர்த்துப் பட்டிழையால் மாற்றி மாற்றிப் பிணைக்கிறது. அதன்பின் நத்தையால் நகரவும் முடியாது, இலையிலிருந்து உதிர்ந்து தப்பவும் முடியாது. புழு தன் கூட்டை ஓட்டின் வாயில் முட்டுக்கொடுத்து, உடலை நீட்டி உள்ளே நுழைந்து, சுருளின் ஆழத்துக்குப் பின்வாங்கும் நத்தையைத் தொடர்ந்து சென்று தின்கிறது. பட்டினி கிடந்தாலும் இந்தப் புழு இலையைத் தொடுவதில்லை என்பதையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். தின்று முடித்த நத்தையின் ஓட்டைத் தன் கூட்டிலேயே ஒட்டிவைத்துக்கொள்வதும் உண்டு.

மரவட்டை:

ஊன் உண்ணும் புழு என்பது மட்டும் வியப்பில்லை. பப்பாளியில் அப்பும் மாவுப்பூச்சியைத் தின்று வளரும் ஏப்ஃபிளை வண்ணத்துப்பூச்சியின் புழு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஆனால் அது இடம்பெயராமல் ஒட்டிக்கிடக்கும் இரை. ஓட்டுக்குள் ஒளியும் நத்தையைப் பட்டிழையால் கட்டிப்போடுவது முற்றிலும் வேறு சங்கதி.

இது ஹவாயில் ஏன் நிகழ்ந்தது என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது. அருகிலுள்ள கண்டத்திலிருந்து 3,000 கி.மீ.க்கும் அப்பால் கிடக்கும் அத்தீவுகளுக்கு எத்தனையோ பூச்சிக் குழுக்கள் வந்து சேரவே இல்லை. அங்கே இயற்கையாக ஓர் எறும்பினம்கூடக் கிடையாது. அப்படிக் காலியாகக் கிடந்த வாழ்வு முறைகளில், முதலில் வந்து சேர்ந்த ஒரு மூதாதையின் வழித்தோன்றல்கள் பரவிக்கொண்டன என்பதே பொதுவான விளக்கம். ஹைப்போஸ்மோகோமா பேரினத்தில் இதுவரை பெயரிடப்பட்ட 350க்கும் மேற்பட்ட இனங்களும் ஹவாய்த் தீவுக்கூட்டத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. மரபணு ஆய்வு அதன் வயதை ஏறத்தாழ 1.5 கோடி ஆண்டுகள் என்று கணிக்கிறது. இன்று உயர்ந்து நிற்கும் பெருந்தீவுகளில் மூத்ததான கவாயிக்கு வயது சுமார் 50 லட்சம் ஆண்டுகளே. ஆகவே அந்த மூதாதை வந்திறங்கியது, வடமேற்கில் இப்போது தேய்ந்து பாறைத் திட்டாகிவிட்ட பழைய தீவுகளில் ஒன்றில்தான்.

வரப்போரம்:

நீர்வாழ்வு பற்றிய கேள்விக்கு வருகிறேன். நெல் வயலில் இலை நுனியைக் கத்தரித்துக் குழாயாகச் சுருட்டி, அதற்குள் இருந்தபடி தேங்கிய நீரில் மிதக்கும் கூண்டுப்புழுவை உழவர்கள் அறிவார்கள். வயலில் கயிறு இழுத்துக் கூண்டுகளை நீரில் உதிர்த்து, பின் நீரை வடிப்பது அதற்கான பழைய கைமுறை. அதுவும் அந்துப்பூச்சிப் புழுதான். ஆனால் அதற்கு நீரில் மூச்சுவிடச் செவுள் இழைகள் உண்டு.

ஹவாய்ப் புழுக்களுக்குச் செவுளே இல்லை என்பதுதான் வேடிக்கை. 2010இல் வெளியான ஆய்வின்படி, அவை காட்டோடைகளில் வாரக்கணக்கில் நீருக்குள்ளும் இருக்கும். அப்படியே வெளியே ஊர்ந்துவந்து உலர்ந்த பாறையிலும் வாழும். ஓடும் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை உடலின் தோல் வழியாகவே பெறுகின்றன. அதனால் தேங்கிய நீரில் போட்டால் மூழ்கிச் செத்துவிடும், அதாவது நம் கூண்டுப்புழு செழிக்கும் இடம் அவற்றுக்கு ஆகாது. வெள்ளம் அடித்துச்செல்லாமல் இருக்கப் பட்டிழையால் தம்மைப் பாறையோடு கட்டிக்கொள்கின்றன. நீரில் வாழும் திறன் இப்பேரினத்தில் குறைந்தது மூன்று முறை தனித்தனியே தோன்றியிருக்கிறது என்றும் அந்த ஆய்வு காட்டியது.

புங்கமரம்:

ஒன்றைச் சேர்க்க வேண்டும். இதே பேரினத்தின் இன்னொரு ஊனுண்ணிப் புழுவை ரூபினாஃப் குழுவினர் 2025இல் அறிவித்தார்கள். சிலந்தி வலையிலேயே குடியிருந்து, வலையில் சிக்கிய பூச்சிகளைத் தின்று, எறும்புத் தலை, வண்டின் இறகு முதலிய மிச்சங்களைக் கூட்டின்மேல் அடுக்கிக்கொள்ளும் புழு அது. ஓவாஹூ தீவின் ஒரே மலைத்தொடரில், சுமார் 15 சதுர கி.மீ. பரப்பில் மட்டுமே அது உள்ளது. இருபது ஆண்டுகளுக்கும் மேலான தேடலில் கிடைத்தவை 62 மட்டுமே. எறும்புகளே இல்லாதிருந்த தீவுகளில் எறும்புத் தலை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எல்லாம் மனிதர்களோடு வந்திறங்கியவை. அது குடியிருக்கும் வலைகளை நெய்யும் சிலந்திகளிலும் வந்தேறிகள் உண்டு. அந்த மாற்றத்துக்கு அது ஈடுகொடுத்துவிட்டது. நத்தை தவிர வேறெதையும் தொடாத மொல்லுசிவோராவுக்கு அந்த வசதி இல்லை. ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்கவென 1955இல் அங்கே கொண்டுவந்து விடப்பட்ட கொன்றுண்ணி நத்தை, உள்நாட்டு நத்தைகள் பலவற்றையும் சேர்த்தே அழித்துவருகிறது.