விண்வெளிப் போர் விளையாட்டுகள்: பழையதைப் பழையபடியே ஆடுவதா, புதுப்பித்து ஆடுவதா?

காவேரிப்பட்டணத்தான் | சனி, இரவு 9.10

உங்களிடம் ஒரு யோசனை கேட்க வந்திருக்கிறேன். மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்து வீட்டில் இருக்கிறாள். கோடை முழுதும் எனக்கு மாந்தோப்பில் வேலை. அவளோ இந்த வெயிலில் வெளியே தலைகாட்ட முடியாமல் கிடக்கிறாள். 1996இல் கிருஷ்ணகிரியில் படித்தபோது, ஒரு கணினி மையத்தில் மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களை வைத்துச் செய்த ‘எக்ஸ்-விங்’ என்ற விண்வெளிப் போர் விளையாட்டை ஆடியவன் நான். அந்த 486 கணினியின் முன்னால் கழிந்த மாலைகளைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அவளுக்கும் ஆசை வந்துவிட்டது. யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் வாங்கினேன். இணையக் கடையில் அதற்கு அடுத்து வந்த ‘டை ஃபைட்டர்’ விளையாட்டை வாங்கினேன். உள்ளே 1995 பதிப்பு, 1998 பதிப்பு என்று இரண்டு இருக்கின்றன. இது போதாதென்று ரசிகர்கள் புதிதாகச் செய்தது ஒன்றும் உண்டு என்கிறார்கள். முதலில் எதைக் கொடுப்பது? முதல் நாளே சலித்துவிட்டால் மறுபடி தொடமாட்டாள். அதுதான் என் பயம்.

தகடூரான் | சனி, இரவு 9.52

1995 பதிப்பு. பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் அப்படியே ஓடட்டும். வேறு எதையும் கண்ணில் காட்டாதீர்கள்.

காரணம் சொல்கிறேன். முதல் போரின் முதல் பணியை நினைத்துப் பாருங்கள். கையில் தருவது கேடயமே இல்லாத சிறு கலம். டி-34 என்ற இடத்தில் வந்து இறங்கும் கலங்களை ஒவ்வொன்றாக நெருங்கி, உள்ளே என்ன சரக்கு என்று பார்க்க வேண்டும். ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் லாரியை ஓரங்கட்டித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார்களே, அதே வேலைதான். உலகத்தைக் காப்பாற்றச் சொல்லித் தொடங்குகிற விளையாட்டுகளுக்கு நடுவில், ஒரு சாதாரணச் சிப்பாயின் அலுப்பூட்டும் காவல் வேலையில் தொடங்குகிறது இது. அந்த அலுப்பு உடையும் கணத்தை இசைதான் முதலில் சொல்கிறது. மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய ஐமியூஸ் என்ற முறை, களத்தில் நடப்பதைக் கவனித்து இசையை அந்தந்த நொடியில் திருப்பும். எதிரி வந்து சேர்ந்தால் மெட்டு மாறும். நீங்கள் ஒரு சரக்குக் கலத்தின் அடிவயிற்றை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். முதுகுக்குப் பின்னால் யாரோ வந்துவிட்டார்கள் என்று காது சொல்லிவிடும்.

1998 விண்டோஸ் பதிப்பில் படம் மெருகேறியது, இந்த இசை போய்விட்டது. திரைப்பட இசையைக் குறுவட்டிலிருந்து எடுத்துச் சுழலவிட்டார்கள். களத்தில் என்ன நடந்தாலும் அது தன் பாட்டுக்கு ஓடும். அதனால்தான் சொல்கிறேன், 1998 பதிப்பைத் திறக்கவே வேண்டாம்.

ஓசூர் கடைசல் | சனி, இரவு 10.30

தகடூரான் அண்ணன் சொல்வதைக் கேட்டால் அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் ஜாய்ஸ்டிக்கைப் பெட்டியில் போட்டு மூடிவிடுவாள்.

1995 பதிப்பின் திரை 640க்கு 480 புள்ளிகள். அதற்கு முந்தைய நெகிழ்வட்டுப் பதிப்பு 320க்கு 200. 15 அங்குல மடிக்கணினியில் அதை விரித்துப் பாருங்கள். தொலைவில் வரும் கலம் நண்பனா பகைவனா என்று தெரியாது, இரண்டு மூன்று புள்ளிகள் நடுங்கிக்கொண்டிருக்கும். நமக்கு அது போதும், ஏனென்றால் மீதியை 30 ஆண்டு நினைவு நிரப்பிக்கொள்கிறது. அவளுக்கு நிரப்ப என்ன இருக்கிறது?

‘டை ஃபைட்டர் டோட்டல் கன்வர்ஷன்’ போடுங்கள். 1999இல் வந்த ‘எக்ஸ்-விங் அலையன்ஸ்’ விளையாட்டின் மேல் ரசிகர்கள் கட்டியது. பழைய பணிகளை ஏறத்தாழ அப்படியே ஆடவும் வழி உண்டு, விரிவாக்கிய வடிவில் ஆடவும் வழி உண்டு. விமானி அறைக்குள் உட்கார்ந்து தலையைத் திருப்பிப் பார்க்கலாம். தலையில் மாட்டும் மெய்நிகர்த் திரை இருந்தால் அதிலும் ஓடும். பணம் வாங்காமல் பல ஆண்டுகள் உழைத்துச் செய்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமலே ஒதுக்குவது நியாயமில்லை.

அரூர் ஆசிரியர் | ஞாயிறு, காலை 6.15

இரண்டும் வேண்டாம். 2020இல் வந்த ‘ஸ்குவாட்ரன்ஸ்’ என்ற ‘ஸ்டார் வார்ஸ்’ விளையாட்டு இருக்கிறது. நிறுவினால் ஓடும், ஜாய்ஸ்டிக்கைத் தானே கண்டுகொள்ளும், எந்தப் பொத்தான் எதற்கு என்று பாடம் நடத்தும். நம் இளமையைப் பிள்ளைகளின் தலையில் ஏன் ஏற்ற வேண்டும்? என் அப்பா தன் ரேடியோவைத்தான் நான் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

தகடூரான் | ஞாயிறு, காலை 8.40

ஐயா, ‘ஸ்குவாட்ரன்ஸ்’ நல்ல விளையாட்டு, மறுக்கவில்லை. ஆனால் அதன் உயிர்நாடி எங்கிருந்து வந்தது? கலத்தின் ஆற்றலை இயந்திரம், லேசர், கேடயம் என்று மூன்றாகப் பங்கிடுகிறீர்கள் அல்லவா, அது 1993இல் லாரன்ஸ் ஹாலந்தின் குழு ‘எக்ஸ்-விங்’கில் வைத்தது. எஃப் 9 அழுத்தினால் லேசர் வேகமாக நிரம்பும், எஃப் 10 அழுத்தினால் கேடயம் நிரம்பும். இரண்டுக்கும் உரிய விலையை இயந்திரம் கொடுக்கும், கலம் மெதுவாகும். கேடயம் கரைந்துகொண்டிருக்கும்போது, ஓடுவதா நின்று தாங்குவதா என்று ஒரு நொடியில் விரல் முடிவெடுக்க வேண்டும். ஆற்று மூலத்தில் நீர் குடிக்க வழி இருக்கும்போது ஏன் கடைமடைக்குப் போகச் சொல்கிறீர்கள்?

கடைசல் தம்பிக்கு நம் ஊர்க் கதையையே நினைவூட்டுகிறேன். அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து என்ன சொன்னாள்? இங்கே வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, பளபளவென்று இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். பளபளப்பு போரில் தழும்பேறியதற்கு ஈடாகாது.

ஓசூர் கடைசல் | ஞாயிறு, காலை 9.25

அண்ணா, அந்த வேல்கள் கொல்லன் பட்டறையில் எதற்குக் கிடந்தன? செப்பனிடுவதற்கு. மறுபடி களத்துக்குப் போவதற்கு. நான் கடைசல் எந்திரத்தோடு பிழைப்பவன், பட்டறை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். தேய்ந்த பாகத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடுவதில்லை, அளவெடுத்துப் புதிதாகக் கடைந்து மாட்டுகிறோம். எந்திரம் ஓட வேண்டும் என்பதுதான் அதற்கு மரியாதை. ரசிகர்களின் திருத்தப் பதிப்புதான் அந்தப் பட்டறை. வேல்களைத் தொடவே கூடாது என்று கொட்டிலில் மாட்டிவைக்கச் சொல்பவர் நீங்கள்.

இன்னொன்று. மூலம் என்கிறீர்களே, அந்த மூலமே ஒட்டுப்போட்டதுதான். 1990இல் ‘விங் கமாண்டர்’ என்ற இன்னொரு பழைய விண்வெளிப் போர் விளையாட்டு வெளியாகும் நேரத்தில், விளையாட்டை விட்டு வெளியேறும்போது நினைவக மேலாண்மைப் பிழைச்செய்தி ஒன்று வந்துகொண்டிருந்தது. காரணத்தைத் தேட அவகாசம் இல்லை. நிரலாளர் அந்தப் பிழைச்செய்தியின் எழுத்துகளையே திருத்தி, ‘விங் கமாண்டர் ஆடியதற்கு நன்றி’ என்று வரும்படி செய்துவிட்டார். அதை எழுதியவரே பின்னாளில் சொன்ன செய்தி இது. உருவாக்கியவர்களே இப்படிக் கைவைத்திருக்கும்போது, நாம் நல்ல படமும் தெளிவான எழுத்தும் சேர்ப்பது மட்டும் எப்படிக் குற்றமாகும்?

ஊத்தங்கரைக்காரி | ஞாயிறு, காலை 11.05

நேற்றிரவிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இருவரும் இரண்டு வேறு காரியங்களை ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள்.

முதலில் தகடூரான் அண்ணனுக்கு. நீங்கள் ‘அப்படியே’ ஆடுவதாகச் சொல்வது உண்மையில் அப்படியே இல்லை. ‘விங் கமாண்டர்’ கணினிச் சில்லின் வேகத்துக்கே ஓடும்படி எழுதப்பட்டது. இன்றைய கணினியின் முழு வேகத்தில் விட்டால் எதிரி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. டாஸ்பாக்ஸில் சுழற்சி எண்ணிக்கையை 3000 அளவுக்குக் குறைத்து, கன்ட்ரோலோடு எஃப் 11, எஃப் 12 அழுத்தி மெல்ல மெல்லச் சரிசெய்தால்தான் பழைய நடை வரும். 320க்கு 200 படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு உயரம் கூடியதாகத் தெரிந்தது. இன்றைய திரையில் புள்ளிகள் சதுரம். திருத்தாமல் விட்டால் கோள்கள் எல்லாம் இட்லி மாதிரி சப்பையாக இருக்கும். அமைப்புக் கோப்பில் ‘ஆஸ்பெக்ட்’ வரியை இயக்கினால்தான் உருண்டை உருண்டையாகும்.

ஜாய்ஸ்டிக்கும் அப்படித்தான். பழைய 15 முனை ஜாய்ஸ்டிக்கினுள் இருந்தது மாறும் மின்தடை. ஒரு மின்தேக்கி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணித்தான் கணினி கைப்பிடி எங்கே இருக்கிறது என்று அறிந்தது. யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் நேராக எண்ணையே அனுப்புகிறது. டாஸ்பாக்ஸ் அந்த நேரக்கணக்கைப் போலியாக நடித்துக் காட்டுகிறது. கலம் தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனால், அதே கோப்பில் ‘டைம்டு’ என்ற வரியை ‘ஃபால்ஸ்’ ஆக்கிப் பாருங்கள். எனக்கு அதோடு நின்றது.

இவையெல்லாம் விளையாட்டை அதன் சொந்த உருவத்துக்குத் திருப்பும் வேலை. கடைசல் அண்ணன் பேசுவது வேறு. ஒரு பணியில் எத்தனை கலங்கள், எந்த நொடியில் வருகின்றன என்பதை மாற்றினால் அது வேறு பணி. அதை நன்றாகவும் செய்யலாம், ஆனால் அதற்கு வேறு பெயர் இருக்க வேண்டும். இயந்திரத்தைப் புதுப்பியுங்கள், களத்தைத் தொடாதீர்கள் என்பது என் நிலை.

அதைச் செய்து காட்டிய விண்வெளிப் போர் விளையாட்டு ‘ஃப்ரீஸ்பேஸ் 2’. 1999இல் வந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், விற்பனைதான் கைவிட்டது. 2002இல் அதை உருவாக்கிய வொலிஷன் நிறுவனம் மூல நிரலைத் திறந்துவிட்டது. ரசிகர்கள் அன்றிலிருந்து அந்த இயந்திரத்தைப் பேணி வருகிறார்கள். கதையும் பணிகளும் 1999இல் எழுதியவை, ஓட்டும் இயந்திரம் இன்றையது. அதில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளமுள்ள போர்க்கப்பல்கள் உண்டு. அதன் பக்கவாட்டில் ஒட்டிப் பறந்தால், தொப்பூர் கணவாயில் மலைச்சுவரை உரசிக்கொண்டு இறங்குவது போல் இருக்கும், முடியவே முடியாது. நெபுலா என்ற விண்மேகத்துக்குள் போகும் பணிகளில் கருவிகளும் கைவிடும், கண்ணும் கைவிடும். புகைக்குள் ஒரு நிழல் பெரிதாகிக்கொண்டே வரும்போது என் கை வியர்த்தது. காவேரிப்பட்டணத்து அண்ணா, மகளுக்கு இதைக் கொடுங்கள்.

தகடூரான் | ஞாயிறு, பகல் 12.20

‘ஆஸ்பெக்ட்’ வரியை இயக்கித்தான் வைத்திருக்கிறேன் அம்மா. வேகம், உருவம், ஜாய்ஸ்டிக் மூன்றிலும் நீங்கள் சொல்வது சரி, ‘அப்படியே’ என்று நான் எழுதியது தவறு. பட்டறை பற்றிக் கடைசல் தம்பி சொன்னதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் 1998 பதிப்பைச் செய்தவர்களும் மேம்படுத்துவதாக நம்பித்தான் செய்தார்கள். கண்ணுக்குத் தெரிவதைக் கூட்டினார்கள், காதில் விழுந்தது போனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எது உயிர், எது தோல் என்று கைவைப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரிய, ஒருமுறையாவது பழையதை முழுக்க ஆடியிருக்க வேண்டும். 13 போர்கள், கடைசிவரை.

அரூர் ஆசிரியர் | ஞாயிறு, மாலை 4.00

உங்கள் பேச்சைக் கேட்டு மதியம் ‘எக்ஸ்-விங்’ நிறுவினேன். இரண்டு மணி நேரம் கையேட்டைத்தான் படித்தேன். எந்த விசை என்ன செய்யும் என்று திரையில் ஒரு வார்த்தை இல்லை. கற்றுக்கொடுக்காமல் தேர்வு வைப்பவரை நான் நல்ல ஆசிரியர் என்று சொல்லமாட்டேன். என் கருத்து மாறவில்லை.

ஊத்தங்கரைக்காரி | ஞாயிறு, மாலை 4.35

ஐயா, அன்றைக்குக் கையேடும் விளையாட்டின் பகுதிதான். பெட்டியைத் திறந்து பஸ்ஸிலேயே அதைப் படித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஒரு தாளில் பத்து விசைகளை மட்டும் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிக்கொள்ளுங்கள், மற்றவை தேவைப்படும்போது வரும்.

ஓசூர் கடைசல் | ஞாயிறு, இரவு 8.15

பத்து விசையைத் தாளில் எழுதி ஒட்டச் சொல்கிற விளையாட்டைத்தான் 15 வயதுப் பெண்ணுக்கு முதலில் கொடுக்கச் சொல்கிறீர்கள். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்காமலே நாம் ஒருநாள் முழுக்கப் பேசிவிட்டோம். அண்ணா, அவளிடம் எல்லாவற்றையும் காட்டிவிட்டு வந்து எழுதுங்கள்.

காவேரிப்பட்டணத்தான் | அடுத்த ஞாயிறு, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

திங்கள் மாலை 1995 பதிப்பைப் போட்டேன். கலம் இடது பக்கமே இழுத்தது, ‘டைம்டு’ வரியை மாற்றியதும் நின்றது. டி-34 பணியில் அவள் ஒரு சரக்குக் கலத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோது, திரையில் எதுவும் இல்லாத நேரத்தில், ‘அப்பா, யாரோ வந்துட்டாங்க’ என்றாள். தகடூரான் எழுதியதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. இரண்டு மாலைகள் ஆடினாள், நான்காவது பணியில் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்பதுதான் அவள் சொன்ன குறை. கடைசல் சொன்ன திருத்தப் பதிப்பை இன்னும் போடவில்லை. அதற்கு ‘எக்ஸ்-விங் அலையன்ஸ்’ தனியாக வாங்க வேண்டும், பதிவிறக்கமும் பெரிது, எங்கள் தோட்டத்து இணையம் தாங்கவில்லை. டவுனுக்குப் போகும்போது செய்வேன்.

வியாழன் முதல் ‘ஃப்ரீஸ்பேஸ் 2’. அதோடு பணிகளை நாமே உருவாக்கும் ‘ஃப்ரெட்’ என்ற மென்பொருளும் வருகிறது என்று எனக்குத் தெரியாது. அவள் கண்டுபிடித்துவிட்டாள். மூன்று நாளாக ஆடுவதில்லை, அதில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து சரக்குக் கலங்கள், கொள்ளையர் தாக்குதல், காப்பாற்ற வரும் ஒரு போர்க்கல அணி. சரக்குக் கலங்களுக்குக் கிளிமூக்கு, நீலம், செந்தூரா, பங்கனப்பள்ளி, மல்கோவா என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருக்கிறாள். பாதுகாப்பு அணி வந்து சேர்வதற்குள் மல்கோவா வெடித்துவிடுகிறது. எங்கே மாற்ற வேண்டும் என்று ஊத்தங்கரை அக்காவிடம் கேட்கச் சொன்னாள்.

ஊத்தங்கரைக்காரி | அடுத்த ஞாயிறு, இரவு 9.48

அணிகளுக்கான பலகையைத் திறக்கச் சொல்லுங்கள். அதில் வருகை என்ற பகுதியில் தாமதத்துக்கு ஓர் எண் இருக்கும், அதை 0 ஆக்கட்டும். வருவதற்கான நிபந்தனை மல்கோவா அழிந்த பிறகு என்று இருந்தால், கொள்ளையர் அணி வந்த உடனே என்று மாற்றச் சொல்லுங்கள். பணிக் கோப்பை எனக்கும் அனுப்புங்கள், இன்றிரவே ஆடிப் பார்க்கிறேன்.