நோட்பேட்++: வேறு இடத்தில் கிளிக் செய்தால் ஹைலைட் போய்விடுகிறது

கேள்வி: நோட்பேட்++ டெக்ஸ்ட் எடிட்டரில் ஒரு பெரிய லாக் ஃபைல் (புரோகிராம் நடப்பதை வரி வரியாகப் பதிவு செய்யும் ஃபைல்) பார்க்கிறேன். ஒரு ஆர்டர் எண்ணை டபுள் கிளிக் செய்தால் அதே எண் வருகிற இடமெல்லாம் பச்சையாகிறது. வேறு இடத்தில் கிளிக் செய்ததும் எல்லாம் மறைகிறது. மூன்று எண்களை மூன்று வண்ணத்தில் ஒரே நேரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வழி உண்டா?

பதில்: நீங்கள் பார்ப்பது ஸ்மார்ட் ஹைலைட்டிங். செலக்‌ஷன் இருக்கும்வரைதான் அது இருக்கும். அதை அப்படியே நிலைத்திருக்க வைக்க வழியில்லை. எண்ணை செலக்ட் செய்து ரைட் கிளிக், 'ஸ்டைல் ஆல் அக்கரன்சஸ் ஆஃப் டோக்கன்', அதில் முதல் ஸ்டைல். அடுத்த எண்ணுக்கு இரண்டாவது. மொத்தம் ஐந்து வண்ணம் உண்டு. கன்ட்ரோல்+1 அழுத்தினால் முதல் வண்ணத்தின் அடுத்த இடத்துக்குத் தாவும், ஷிஃப்டும் சேர்த்தால் மேலே போகும். அழிக்க, 'கிளியர் ஸ்டைல்'.

கேள்வி கேட்டவர்: அருமை, வந்துவிட்டது. ஆனால் 4521 என்று கொடுத்தால் 14521-க்குள்ளும் வண்ணம் ஏறுகிறதே?

பதில்: செட்டிங்ஸ், பிரெஃபரன்சஸ், ஹைலைட்டிங் போங்கள். 'ஸ்டைல் ஆல் அக்கரன்சஸ்' பகுதியில் 'மேட்ச் ஹோல் வேர்ட் ஒன்லி' டிக் செய்யுங்கள். அங்கேயே ஸ்மார்ட் ஹைலைட்டிங்குக்கும் இதே பெயரில் ஒரு டிக் இருக்கிறது, அதைத் தொட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள்தான் அதிகம். பழைய வண்ணத்தை முதலில் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள், தானாகத் திருந்தாது. பிறகு சேர்கிற வரிகளுக்கும் வண்ணம் தானாக ஏறாது.

இன்னொருவர்: ஃபைலை மூடினால் இந்த வண்ணங்கள் போய்விடும். லாக் மாறி ரீலோட் ஆனாலும் அப்படித்தான். டெக்ஸ்ட் ஃபைலில் எழுத்து மட்டும்தான் சேமிக்கப்படும். வண்ணம் எடிட்டரின் நினைவகத்தில் இருப்பது. நாளைக்கும் வேண்டுமென்றால் புக்மார்க் (வரியின் ஓரத்தில் வைக்கும் அடையாளம்) போடுங்கள். கன்ட்ரோல்+எஃப், 'மார்க்' டேப், 'புக்மார்க் லைன்' டிக், ரெகுலர் எக்ஸ்பிரஷன் (குறியீடுகள் கொண்டு தேடும் முறை) மோடில் 4521|4790 என்று கொடுத்து 'மார்க் ஆல்'. நடுவில் உள்ள | குறிக்கு 'அல்லது' என்று பொருள். ஒவ்வொன்றாகத் தேடுவதானால் 'பர்ஜ்' டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லையேல் முந்தையது அழியும். செஷனை, அதாவது திறந்திருந்த ஃபைல்களை, நினைவில் வைக்கும் செட்டிங் இருந்தால் புக்மார்க் மறுநாளும் இருக்கும். அதற்கு டேபை மூடாமல் நோட்பேட்++ஐ மட்டும் மூட வேண்டும்.