டீன் லூயிங்டன் ‘ஒரே கிளப் வீரர்’ என்பது சரியா?

இடதுகால் ராஜா

நேற்று வேறொரு இழையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: “லீக் ஒன், லீக் டூ என்று இருபது வருஷம் உருட்டிய ஒரு லெஃப்ட் பேக்குக்கு எதற்கு இவ்வளவு புகழ்? மேலே போக முடியவில்லை, அங்கேயே கிடந்தார்.” இங்கிலாந்தின் எம்கே டான்ஸ் கால்பந்து கிளப்பில் ஆடிய டீன் லூயிங்டனைப் பற்றித்தான். லீக் ஒன், லீக் டூ என்றால் அங்கே மூன்றாம், நான்காம் அடுக்கு. லெஃப்ட் பேக் என்றால் இடது ஓரத் தடுப்பாட்டக்காரர். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அதனால் தனி இழையே தொடங்குகிறேன்.

கிடந்தாராம்! எம்கே டான்ஸ் 2008, 2015, 2019 என்று மூன்று முறை மேல் டிவிஷனுக்கு ஏறியது. மூன்றிலும் அவர் இருந்தார். 2006, 2016, 2018, 2023 என்று நான்கு முறை இறங்கியது. ஒவ்வொரு முறையும் அடுத்த ஆகஸ்டில் அதே இடது ஓரத்தில் வந்து நின்றார். மேலாளர் பாதியில் போனால் புது ஆள் வரும்வரை அணியைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். ஜான் ட்ரோலோப் ஸ்விண்டன் டவுனுக்காக ஆடிய 770 லீக் ஆட்டங்கள் 1980 முதல் அசையாமல் நின்ற சாதனை. இங்கிலீஷ் லீக்கில் ஒரே கிளப்புக்காக அதுவரை அதற்கு மேல் யாரும் ஆடியதில்லை. 2023-24 பருவத்தில் லூயிங்டன் அதைத் தாண்டினார். 2025ல் ஓய்வு பெற்றபோது வயது 40. எல்லாப் போட்டிகளும் சேர்த்து 900க்கும் மேல்.

ஒரே கிளப். வாழ்நாள் முழுக்க ஒரே கிளப். குறை சொல்கிறவர்கள் ஒரே வேலையில் அத்தனை வருஷம் இருந்து காட்டிவிட்டுப் பேசட்டும்.

மெர்ட்டன்வாசி

மற்றதெல்லாம் இருக்கட்டும் தம்பி. “வாழ்நாள் முழுக்க ஒரே கிளப்” என்று எப்படி எழுதினீர்கள்? 2003ல் அவர் போட்ட சட்டை எது?

இடதுகால் ராஜா

விம்பிள்டன். இதில் என்ன ரகசியம்? அந்தக் கிளப்தானே அப்புறம் எம்கே டான்ஸ் ஆனது. பெயர் மாறியது, சம்பளச் சீட்டு மாறவில்லை.

மெர்ட்டன்வாசி

பெயர் மாறியதாம். வீட்டுக் கதவில் புதுப் பலகை மாட்டின மாதிரிச் சொல்லுகிறீர்கள்.

நடந்ததைச் சொல்லுகிறேன், கேளுங்கள். 2002 மே மாதம் மூன்று பேர் கொண்ட ஆணையம் ஒன்று உட்கார்ந்து, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், விம்பிள்டன் 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸுக்குப் போகலாம் என்றது. ஊரிலேயே புதிதாக ஒரு கழகம் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்தது அல்ல என்றும் எழுதி வைத்தது. அடுத்த மாதமே சனம் விம்பிள்டன் காமனில் ஆட்டக்காரர்களுக்குத் தேர்வு வைத்தது. புல்வெளிப் பூங்காவில், யார் வேண்டுமென்றாலும் வரலாம் என்று. 200க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அப்படித்தான் ஏஎஃப்சி விம்பிள்டன் பிறந்தது. ஒன்பதாம் அடுக்கில் ஆடிய அந்த அணியைப் பார்க்க வந்த கூட்டம், லூயிங்டன் இருந்த பழைய விம்பிள்டனுக்கு வந்த கூட்டத்தைவிட அதிகம்.

2003 செப்டம்பரில் மில்டன் கீன்ஸின் ஹொக்கி மைதானத்துக்குப் போனார்கள். 2004ல் பெயரை எம்கே டான்ஸ் என்று மாற்றினார்கள். எம்கே என்றால் மில்டன் கீன்ஸ். இப்போது சொல்லுங்கள், 2003ல் சட்டை எது?

ஸ்விண்டன் சிவப்பு

ட்ரோலோப் பெயர் வந்ததால் நானும் வருகிறேன். அவரும் லெஃப்ட் பேக்தான். 1960 முதல் 1980 வரை ஸ்விண்டன், அதன் கவுண்டி கிரவுண்ட் மைதானம், அவ்வளவுதான். 1969 லீக் கோப்பை இறுதியில் மூன்றாம் டிவிஷனில் இருந்துகொண்டு ஆர்சனலை 3-1 என்று வீழ்த்திய அணியில் ஆடியவர். டான் ராஜர்ஸ் அடித்த இரண்டு கோலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். வெம்ப்ளியின் சேறு மண்டிய தரையில் 120 நிமிடம் இடது பக்கத்தைப் பூட்டி வைத்தவர் பெயரை யாரும் சொல்வதில்லை. அவருடைய சாதனைக்கு விளக்கக் குறிப்பு வேண்டியதில்லை. ஒரு வரியில் எழுதி முடிக்கலாம்.

இடதுகால் ராஜா

ட்ரோலோப்பை நான் குறைத்துச் சொல்லவே இல்லை. ஆனால் மெர்ட்டன் அண்ணே, நீங்கள் பாதிக் கதை சொல்கிறீர்கள். விம்பிள்டன் கிளப் 1991லேயே தன் மைதானமான பிளவ் லேனை விட்டு செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குப் போய்விட்டதே! அடுத்த பன்னிரண்டு வருஷம் கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் வீட்டில் வாடகை. அப்போது அது வேறு கிளப்பா? மைதானம் மாறினால் கிளப் மாறாது என்றால் மில்டன் கீன்ஸுக்கும் அதே நியாயம்தானே?

மெர்ட்டன்வாசி

செல்ஹர்ஸ்ட்டுக்கு நான் பஸ் பிடித்துப் போனேன். மில்டன் கீன்ஸுக்கு எந்த பஸ் போகிறது?

இடதுகால் ராஜா

பஸ் ரூட்டை வைத்தா கிளப்பை அளக்கிறீர்கள்?

மெர்ட்டன்வாசி

ஓம், அப்படித்தான். கழகம் என்றால் ஒரு ஊர். சனிக்கிழமை சாப்பிட்டுவிட்டு நடந்தோ பஸ்ஸிலோ போகிற தூரம். உங்களுக்கு அது திரையில் வருகிற ஒரு சின்னம். எனக்கு என்ர தெரு.

ஸ்கோர்புத்தகம்

இடையில் ஒரு திருத்தம். இந்த விவாதக் களத்தில் ‘கால்பந்து’ என்றுதான் எழுதி வருகிறோம். ‘உதைபந்தாட்டம்’ என்று எழுதினால் புதிதாகத் தேடி வருபவர்களுக்கு இழை கிடைக்காது.

மெர்ட்டன்வாசி

நான் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் இருந்து உதைபந்தாட்டம் என்றுதான் சொல்லி வருகிறேன். என்ர தமிழைத் திருத்த இங்கே யாரும் சம்பளம் வாங்கவில்லை.

ஸ்கோர்புத்தகம்

திருத்தவில்லை ஐயா, களவிதியைச் சொன்னேன். போன வருஷமும் இதே பேச்சு வந்தது.

மெர்ட்டன்வாசி

வந்தது. 2012ல் ஏஎஃப்சி விம்பிள்டனும் எம்கே டான்ஸும் மோதிய எஃப்ஏ கோப்பை ஆட்டத்தைப் பற்றி நான் எழுதிய நீளமான பதிவை நீங்கள் ‘இழைக்குத் தொடர்பில்லை’ என்று தூக்கினீர்கள். நான் மறக்கவில்லை.

பழைய ஸ்டாப்பர்

எல்லோரும் கொஞ்சம் ஆட்டத்தைப் பற்றியும் பேசலாமே. நான் பத்து வருஷம் உள்ளூர் லீக்கில் பின்வரிசையில் ஆடியவன். லூயிங்டனைக் கடைசி சில பருவங்களில் கவனித்துப் பார்த்திருக்கிறேன். வேகம் எப்போதுமே அவருடைய சொத்து இல்லை, முப்பத்தெட்டு வயதில் சுத்தமாகவே இல்லை. எதிரில் இருபது வயது விங்கர் பந்தோடு வருவான். இவர் காலை நீட்டவே மாட்டார். உடம்பைக் கால்வாசி திருப்பி, இரண்டு கெஜம் விட்டு, பின்னால் அடியெடுத்துக்கொண்டே போவார். அந்தப் பையனுக்குக் கோட்டோரம் திறந்திருப்பது போலத் தெரியும். அங்கே ஓடுவான். கோடு நெருங்க நெருங்க இடம் குறையும். அவன் கிராஸ் போடக் காலைத் தூக்குகிற அந்த ஒரு நொடியில்தான் இவருடைய இடது கால் வரும். பந்து த்ரோவுக்குப் போகும். கைதட்டல் கிடையாது, தொகுப்பு வீடியோவில் வராது. கீழ் டிவிஷனில் நாற்பது வயதுவரை நிற்பது இப்படித்தான். மேலே போக முடியாமல் கிடந்தார் என்று எழுதியவர் இதை ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும்.

இடதுகால் ராஜா

அருமையாகச் சொன்னீர்கள். 2014 ஆகஸ்டில் லீக் கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 என்று அடித்தபோதும் இடது பக்கம் இவர்தான். கோல் போட்ட கிரிக்கும் அஃபோபேயும் போய்விட்டார்கள், டெலே அல்லி டாட்டன்ஹாமுக்குப் போனார். இவர் இருந்தார்.

மெர்ட்டன்வாசி

இருந்தார், சரி. எந்தக் கழகத்தில் தொடங்கி எந்தக் கழகத்தில் இருந்தார்?

இடதுகால் ராஜா

மறுபடியும் அதேயா! ஒரு விஷயம் கேட்கிறேன். அவர் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு கிளப்பில் கையெழுத்துப் போட்டாரா? மாற்றுத்தொகை கைமாறியதா? இல்லை. ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனார், அலுவலகத்தின் பெயர் மாறியிருந்தது. இதில் ‘ஒரே கிளப்’ என்பது எப்படிப் பொய்யாகும்?

மெர்ட்டன்வாசி

இப்போது வந்தீர்கள் வழிக்கு. அப்படியென்றால் எம்கே டான்ஸும் பழைய விம்பிள்டனும் ஒன்று என்கிறீர்கள். 1988 எஃப்ஏ கோப்பை யாருடையது? லிவர்பூலை வென்ற அந்தக் கோப்பை?

சொல்ல மாட்டீர்கள். நான் சொல்லுகிறேன். 2006ல் எம்கே டான்ஸே ஒப்புக்கொண்டு, 2007ல் கோப்பைகளின் நகல்களையும் வரலாற்றையும் விம்பிள்டன் இருக்கிற மெர்ட்டன் நகரசபையிடம் கொடுத்துவிட்டது. தங்கள் வரலாறு 2004ல்தான் தொடங்குகிறது என்று அந்தக் கழகமே சொல்லுகிறது. பிறகு நீங்கள் யார் அதை ஒட்டவைக்க? கோப்பை என்று வந்தால் 2004, லூயிங்டன் என்று வந்தால் 2003. இது என்ன கணக்கு?

ஸ்விண்டன் சிவப்பு

இதற்கு ராஜா பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இடதுகால் ராஜா

கோப்பை கிளப்பின் சொத்து, அதைத் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு மனுஷன் ஓடிய ஓட்டத்தை நகரசபையிடம் ஒப்படைக்க முடியாது. பத்தொன்பது வயதில் அவர் ஆடிய ஆட்டங்கள் அவருடையவை.

ஸ்கோர்புத்தகம்

சரி, அவருடையவைதான். ஆனால் எந்தக் கிளப்பின் கணக்கில் எழுதுவது என்பதுதானே கேள்வி? நீங்கள் கேள்வியைத் தாண்டிக் குதிக்கிறீர்கள் ராஜா. 2004க்கு அப்புறம் என்று எடுத்துக்கொண்டால் அவர் இருபத்தொரு வருஷம் ஒரே கிளப். அதை எழுதினால் யாரும் மறுக்கப் போவதில்லை. ‘வாழ்நாள் முழுக்க’ என்ற இரண்டு சொல்லை விட்டுவிட்டால் இழையே முடிந்துவிடும்.

இடதுகால் ராஜா

விட மாட்டேன். விட்டால் அவர் கிளப் மாறினார் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் மாறவில்லை. மாற்றப்பட்டது கிளப்.

மெர்ட்டன்வாசி

பாருங்கள், உங்கள் வாயாலேயே வந்துவிட்டது: “மாற்றப்பட்டது கிளப்.” மாறியது என்றால் அதே ஒன்று எப்படி?

இடதுகால் ராஜா

சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். உங்கள் கோபம் லூயிங்டன் மேல் இல்லை, கிளப்பை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோன பீட் விங்கிள்மன் மேல். அந்தக் கணக்கை ஒரு லெஃப்ட் பேக் தலையில் எழுதாதீர்கள். அவர் கிங்ஸ்டனில் பிறந்தவர், உங்கள் பக்கத்துப் பையன். விம்பிள்டன் இளையோர் அணியில் வளர்ந்தவர். உங்கள் ஊர் வளர்த்த பிள்ளை 900 ஆட்டம் ஆடியிருக்கிறது. பெருமைப்பட வேண்டியவர் நீங்கள்.

மெர்ட்டன்வாசி

அந்தப் பொடியன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என்ர பதிவுகளைத் திரும்பப் படியுங்கள், அவரைப் பற்றி ஒரு கெட்ட சொல் இருந்தால் காட்டுங்கள். நான் கேட்பது உங்கள் வாக்கியத்தை.

2012 டிசம்பர் எஃப்ஏ கோப்பை ஆட்டத்துக்கு நான் மில்டன் கீன்ஸ் போனேன். போகவே கூடாது என்று நினைத்தவன், கடைசியில் போனேன். எங்கள் ஜாக் மிட்சன் பாய்ந்து தலையால் முட்டிச் சமன் செய்தபோது பக்கத்தில் நின்ற வயதானவர் என்ர தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். முன்பின் தெரியாதவர். கடைசி நேரத்தில் அவர்களுடைய ஒட்செமோபோர் குதிகாலால் தட்டிய பந்து உள்ளே போனது. 2-1. திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு எங்கள் எதிரே நின்றது ‘அதே கழகம்’ என்று நீங்கள் அந்த பஸ்ஸில் ஏறிச் சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்கோர்புத்தகம்

இந்தப் பதிவைத்தான் போன முறை தூக்கினேன் என்றால் அது தவறுதான். ஆனால் அப்போது இழை ஆஃப்சைட் விதியைப் பற்றியது.

மெர்ட்டன்வாசி

பிந்திக் கிடைத்த மன்னிப்பு.

ஸ்கோர்புத்தகம்

மன்னிப்பு கேட்கவில்லை. விளக்கம் சொன்னேன்.

இடதுகால் ராஜா

உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது அண்ணே. ஆனால் 2011ல் நீங்கள் லீக்குக்குள் வந்தாயிற்று, 2020ல் பிளவ் லேனுக்குத் திரும்பியாயிற்று, 2025ல் பிளேஆஃப் இறுதியில் வால்சாலை வென்று லீக் ஒன்னுக்கு ஏறியாயிற்று. அதே பருவத்தில் எம்கே டான்ஸ் லீக் டூவின் கீழ்ப்பாதியில் தட்டுத் தடுமாறியது. அங்கேதான் லூயிங்டன் தன் கடைசி ஆட்டங்களை ஆடினார். ஜெயித்த நீங்கள் இன்னும் ஏன் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்?

மெர்ட்டன்வாசி

ஜெயித்தோம் என்று நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் மைதானத்து ஸ்கோர்போர்டில் அவர்களை ‘எம்கே’ என்று மட்டும் போட்டோம். ‘டான்ஸ்’ என்பது விம்பிள்டனின் செல்லப்பெயர், எங்களுடையது. அதற்கு லீக் நிர்வாகம் எங்கள் மேல் குற்றச்சாட்டு வைத்தது. பெயருக்காக அவ்வளவு தூரம் போனவர்கள் நாங்கள். நீங்கள் ஒரு வரியில் இரண்டையும் ஒட்டிவிட்டுப் போகப் பார்க்கிறீர்கள்.

பழைய ஸ்டாப்பர்

என் பதிவை ராஜா தவிர யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது. இழையைத் தூண்டிய அந்த ‘கிடந்தார்’ என்ற பேச்சுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

இடதுகால் ராஜா

அதற்காகத்தானே தொடங்கினேன்! இவர் எங்கே பேச விட்டார்? சரி, நாளை பருவவாரியாக எண்களோடு வருகிறேன். 2002-03 முதல் 2024-25 வரை, ஒரே பட்டியலில்.

மெர்ட்டன்வாசி

பட்டியலில் சட்டைக்கு ஒரு பத்தி போடுங்கள் தம்பி. முதல் இரண்டு வரியில் என்ன எழுதுகிறீர்கள் என்று பார்க்கிறேன்.

இடதுகால் ராஜா

‘அதே கிளப்’ என்று எழுதுவேன்.

மெர்ட்டன்வாசி

எழுதுங்கள். நானும் இங்கேதான் இருப்பேன்.