திருச்சி – யாழ்ப்பாணம் விமானம்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

கேள்வி (தங்கச்சிமடம்):
எங்க அம்மாச்சிக்கு 78 வயசு. அவங்க தங்கச்சியைப் பருத்தித்துறையில கட்டிக் கொடுத்திருக்கு. ராமேஸ்வரத்துல கப்பல் ஏறித் தலைமன்னார் வழியா ரெண்டு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தவங்க. 1984ல கப்பல் நின்னதோட போக்குவரத்தும் நின்னுச்சு. திருச்சியில இருந்து யாழ்ப்பாணம் ஏர்போர்ட் இருக்கிற பலாலிக்கு விமானம் விட்டிருக்காங்கன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து வீட்டுல அதே பேச்சுதான். முழங்கால் வலி, ரொம்ப நேரம் உட்கார முடியாது. வானத்துல எவ்வளவு நேரம் இருக்கணும்? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

பதில் (மண்டபம்):
தம்பி, திருச்சிக்கும் பலாலிக்கும் நேர்கோட்டுல சுமார் 185 கிலோமீட்டர். சென்னையில இருந்து போனா 350க்கு மேல. போறது ஏடிஆர் 72, காத்தாடி வச்ச சின்ன விமானம். மேல போய்ச் சேர்ந்துட்டா மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் பிடிக்கும். ஆனா இவ்வளவு கிட்டத்துல ஏறுறதுக்கும் இறங்குறதுக்குமே பாதி நேரம் போயிடும். டிக்கெட்டுல ஒரு மணி நேரம்னு இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போறதும் அதுல அடக்கம், பறக்குறது முக்கால் மணிக்குள்ள முடிஞ்சிரும்.

எங்க அத்தாவைக் கூட்டிட்டுப் போனேன், அதனால சொல்றேன்: கால் வலிக்கிறது விமானத்துல இல்ல, கார்ல. தங்கச்சிமடத்துல இருந்து திருச்சி 230 கிலோமீட்டர் பக்கம், அஞ்சு மணி நேரம் ஆகும். காரைக்குடியில நிறுத்திக் கொஞ்சம் நடக்க விடுங்க. ஏர்போர்ட் புதுக்கோட்டை ரோட்டுலயே இருக்கு, டவுனுக்குள்ள போக வேண்டாம். வெளிநாட்டுப் பயணம்ங்கிறதால மூணு மணி நேரம் முன்னாடியே போயிருங்க. டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டு வச்சிருங்க.

பதில் (தொண்டி):
நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் இருக்கு, நாலு மணி நேரம். ஆனா ஐப்பசி, கார்த்திகையில வாடை அடிச்சா கப்பல் போகாது. பெரியவங்களுக்கு விமானமே நல்லது. இலங்கை விசாவை ஆன்லைன்ல முன்னாடியே எடுத்திருங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணே. ராத்திரி மேப்பை வச்சுப் பார்த்தேன். ராமேஸ்வரத்துல இருந்து பலாலி நேரா 100 கிலோமீட்டர்தான். அதுக்கு வடக்க இவ்வளவு தூரம் போய்ட்டு, திரும்ப அதிராம்பட்டினம் பக்கம் கரையைத் தாண்டிக் கடலுக்கு மேல வரணும். மனசு கேக்கல. அம்மாச்சிகிட்டச் சொன்னேன். “அப்ப நம்ம ஊரு எந்தப் பக்கம் வரும்?”னு கேட்டாங்க. போகும்போது வலது பக்கம்னேன். அதுக்கப்புறம் நெடுந்தீவும் அந்தப் பக்கம்தான். ஏடிஆர்ல இறக்கை மேல இருக்கிறதால கீழ மறைக்காது.

வலது பக்கம் ஜன்னல் சீட் போட்டாச்சு. தங்கச்சிக்குன்னு கண்டாங்கிச் சேலை ரெண்டு எடுத்து, மடிச்சுத் தலைமாட்டுலயே வச்சிருக்காங்க.