பச்சைக்கறி தின்னும் நாய்க்கு உணவுப் பொம்மை கொடுத்தால் சோபாவெல்லாம் ரத்தம். என்ன செய்யலாம்?

கன்னங்குறிச்சிக்காரன்

வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு வயது ராஜபாளையம் கலப்பு, 22 கிலோ, பெயர் வெள்ளையன். நான்கு மாதமாகப் பச்சைக்கறிதான். கறிக்கடையில் எலும்போடு கொத்தி வாங்கும் கோழி, கொஞ்சம் ஈரல், ஒரு நாளைக்கு 550 கிராம். தட்டில் வைத்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது, காலி. தின்ற கையோடு செருப்பைத் தேடிப் போகிறான்.

மூளைக்கு வேலை கொடுங்கள் என்றார்கள் என்று உள்ளே தீனி திணிக்கும் காங் வகை ரப்பர் பொம்மை ஒன்று வாங்கினேன் (ஒரு பக்கம் பெரிய ஓட்டை, மறுபக்கம் சின்ன ஓட்டை). அதில் கொத்துக்கறியைத் திணித்து, ராத்திரி ஃப்ரீசரில் வைத்து, காலை ஒன்பது மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனேன். மதியம் அம்மா போன் செய்தார். பொம்மை சோபா மேல், சோபா முழுக்கக் கறிநீர், பொம்மைக்குள் இன்னும் பாதிக் கறி, வாசலிலிருந்து அதுவரை எறும்பு வரிசை. பாதியிலேயே விட்டுவிட்டான். கழுவினாலும் நாற்றம் போகவில்லை. உலர்தீவனம் போட்டு உருட்டும் பந்து ஒன்றும் இருக்கிறது, அதில் கறியை வைத்தால் வெளியே வருவதே இல்லை. வீட்டில் அக்காவின் ஒன்றரை வயதுக் குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கிறது, அதுதான் பயம். பொம்மையை விட்டுவிடலாமா, பச்சைக்கறியை விட்டுவிடலாமா?

அஸ்தம்பட்டி அக்கா

தம்பி, இரண்டையும் விட வேண்டாம். பொம்மையின் சின்ன ஓட்டை வழியாகக் கயிறு கோத்து, உள்ளே முடிச்சுப் போட்டு, மொட்டை மாடி கிரில்லில் கட்டிவிடு. சோபாவுக்குத் தூக்கிக்கொண்டு வரவே முடியாது. எங்கள் கன்னி நாய்க்கு அப்படித்தான் செய்கிறேன். ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் கிருமியெல்லாம் செத்துவிடும், பயப்படாதே.

நாமக்கல் மாணவி (கால்நடை மருத்துவம், நான்காம் ஆண்டு)

அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது, இரண்டு திருத்தம்.

குளிரில் கிருமி சாகாது, தூங்கும். சால்மொனெல்லா என்ற கிருமி ஃப்ரீசரிலிருந்து வெளியே வந்து கறி இளகியதும் பழைய வேலையைத் தொடங்கிவிடும். நாய்க்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆனால் ஆரோக்கியமான நாயின் மலத்திலும் எச்சிலிலும் அது வெளியேறிக்கொண்டிருக்கும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். எனவே பயம் நியாயமான பயம்.

இரண்டாவது, கயிறு. அந்தச் சின்ன ஓட்டை அழகுக்கு வைத்ததல்ல, காற்று போக வர வைத்தது. ஒரே ஓட்டை உள்ள பொம்மைக்குள் நாய் நாக்கை விட்டு நக்க நக்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, நாக்கு மாட்டி வீங்கிவிடும். உங்கள் முடிச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. திணிக்கும்போதும் கறியால் அந்த ஓட்டையை அடைக்காமல் ஒரு குச்சி செருகி வைத்து, கெட்டியானதும் உருவிவிட வேண்டும்.

தம்பி, நீங்கள் எத்தனை மணி நேரம் விட்டீர்கள் என்பதுதான் என் கேள்வி. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமி பெருகும். வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் பச்சைக்கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சேலத்தில் சித்திரை மாதத்தில் ஒன்பது மணிக்குக் கொடுத்ததை மதியம் வரை விட்டிருக்கிறீர்கள்.

அஸ்தம்பட்டி அக்கா

ஐயோ, அந்தக் காற்று விஷயம் எனக்குத் தெரியவே தெரியாதுமா. இன்றைக்கே கயிற்றை அவிழ்த்துவிடுகிறேன்.

ஏற்காடு தோட்டம்

இங்கே மேலே 1,500 மீட்டரில், மார்கழியில், கல்லாய் உறைந்த பொம்மையை விட்டால் மத்தியானம் வரை இளகாது. நாய் சலித்துப்போய் விட்டுவிடும். ஒரு தடவை குரங்கு வந்து பொம்மையைக் கறியோடு தூக்கிக்கொண்டு சில்வர் ஓக் மரத்தில் ஏறிவிட்டது, இன்றுவரை பொம்மை கீழே வரவில்லை. கீழே உங்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, ஒழுகி ஓடும். எனக்குத் தெரிந்து தீர்வு ஒன்றுதான்: முழுக்க உறைய விடாதீர்கள். இரண்டு மணி நேரம் குளிரவைத்து, வெளிப்பக்கம் மட்டும் இறுகியதும் கொடுங்கள். பாதி மட்டும் நிரப்புங்கள். கால் மணி நேரத்தில் முடிகிற வேலையாக இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். மீதி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கொட்டாங்குச்சியில் வைத்துக் கொடுக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். சில் சில்லாக உடைத்து விழுங்கிவிட்டால் அப்புறம் அறுவைச் சிகிச்சைதான்.

கன்னங்குறிச்சிக்காரன்

கொட்டாங்குச்சி பற்றி நேற்றுதான் ஒருவர் சொன்னார், நல்லவேளை. நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் என்றால் வாங்கிய நோக்கமே போய்விடுகிறதே? தனியாக விட்டுப்போகிற மூன்று நான்கு மணி நேரத்துக்குத்தான் எனக்குப் பொம்மை வேண்டும்.

நாமக்கல் மாணவி

அதற்குத்தான் வருகிறேன். பொம்மைக்குள் பச்சைக்கறிதான் போக வேண்டும் என்று யார் சொன்னது? பச்சைக்கறியைக் காலையில் நீங்கள் பார்க்க, தட்டில் போட்டு முடித்துவிடுங்கள். பொம்மைக்கு வேகவைத்ததை வைத்துக்கொள்ளுங்கள். எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி, உப்பு மஞ்சள் எதுவும் இல்லாமல் வேகவைத்து உதிர்த்தது, அதோடு மசித்த பரங்கிக்காய். முக்கியமாக எலும்பில்லாதது. வெந்த எலும்பு ஊசியாக உடையும். வெங்காயம், பூண்டு பட்ட கறி ஆகாது. வெந்தது என்றாலும் மதியம் வரை வெளியே கிடக்கக் கூடாது, அதனால் பாதி நிரப்பி, உறையவைத்துக் கொடுங்கள். சீக்கிரம் முடித்துவிடுவான். அதன்பின் மிச்சம் இருந்தால் அம்மா எடுத்துவிடட்டும். அந்த அளவைத் தினசரி 550 கிராமிலிருந்து கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளையன் பூசணியாகிவிடுவான்.

உருட்டும் பந்துக்கு, அதே வெந்த கறியைச் சுண்டுவிரல் நக அளவு நறுக்கி, மின்சார ஓவனில் குறைந்த சூட்டில் நன்றாக உலர்த்துங்கள். ஈரம் போய்விட்டால் டப் டப் என்று விழும். வெயிலில் காயவைக்காதீர்கள், ஈ மொய்க்கும்.

கடையில் கத்தியால் எலும்போடு கொத்தியதை எந்தப் பொம்மையிலும் திணிக்க வேண்டாம். சில்லு உள்ளே குறுக்காக மாட்டிக்கொள்ளும், நாய் அதை இழுக்கப்போய்ப் பல்லை உடைத்துக்கொள்ளும்.

கொண்டலாம்பட்டி

நாற்றத்துக்கு: வெந்நீரை உடனே ஊற்றியிருப்பீர்கள், அதனால்தான் கறியின் புரதம் ரப்பரில் ஒட்டிக்கொண்டது. முதலில் பச்சைத் தண்ணீர், குழந்தையின் பால் புட்டி பிரஷ் மாதிரி நீளமானது ஒன்று புதிதாக வாங்கி உள்ளே தேயுங்கள். அப்புறம் பாத்திர சோப்பும் சுடுதண்ணீரும். கடைசியாகத் துணி வெளுக்கும் திரவத்தை நன்றாக நீர்க்கக் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, நிறைய அலசி, வெயிலில் காயவையுங்கள். அழுக்கு இருக்கும்போது அந்தத் திரவம் வேலை செய்யாது, வரிசை மாறக் கூடாது. மேட்டூர்த் தண்ணீர் வராத நாளில் பொம்மையே கொடுக்காதீர்கள், அலசாமல் வைப்பதைவிட அது மேல்.

எறும்புக்கு, பொம்மையை வைக்கும் தட்டைத் தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டுக்குள் வையுங்கள். நாய் தட்டி ஊற்றாதவரை பிழைக்கும்.

கன்னங்குறிச்சிக்காரன் (பன்னிரண்டு நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி, நிலவரம் சொல்கிறேன்.

பச்சைக்கறி இப்போது மொட்டை மாடிக் குளியலறையில், கதவைச் சாத்தி. முதல் இரண்டு நாள் கதவைப் பிறாண்டினான். மூன்றாம் நாளிலிருந்து நான் படியேறும் சத்தம் கேட்டதும் எனக்கு முன்னே ஓடி உள்ளே நின்றுகொள்கிறான். முடித்ததும் தரையைக் கழுவிவிடுகிறேன். குழந்தை அந்தப் பக்கமே வராது. கறியைத் தட்டில் அப்படியே போடாமல், வீட்டில் ஓரமாகக் கிடந்த பழைய இட்லித் தட்டின் குழிகளில் அழுத்தி, ஒரு மணி நேரம் குளிரவைத்து அப்படியே கொடுக்கிறேன். நான்கு குழியையும் நக்கி முடிக்க ஒன்பது நிமிடம். தட்டுக்கு அடியில் ஈரத்துணி போட்டால் நகராது.

பொம்மைக்கு வெந்த கறி, பரங்கிக்காய். போகும்போது கொடுக்கிறேன், அவன் பத்து மணிக்குள் முடித்துவிடுகிறான், காலிப் பொம்மையை அம்மா எடுத்துக் கழுவுகிறார். பரங்கிக்காய் அதிகமான ஒரு நாள் வயிற்றுப்போக்கு, அளவைப் பாதியாக்கினேன், சரியாகிவிட்டது. உருட்டும் பந்து மட்டும் தோல்வி. அரை மணி உருட்டுகிறான், சத்தம் தாங்காமல் கீழ்த்தளத்துக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார்.

செருப்பு இன்னும் போகிறது, ஆனால் வாரத்துக்கு ஒன்றுதான்.

ஒரு சந்தேகம். அம்மா இட்லித் தட்டை நாய்க்குக் கொடுத்ததே தெரியாமல் நேற்று அதைத் தேய்த்து, சமையலறை அலமாரியில் மற்ற தட்டுகளோடு அடுக்கிவிட்டார். எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

நாமக்கல் மாணவி

எல்லாத் தட்டையும் குக்கரில் வைத்து அரை மணி நேரம் ஆவியில் விடுங்கள். பிறகு ஒன்றில் சிவப்பு நகப்பூச்சால் அடிப்பக்கம் குறி போட்டு, அதை மாடியிலேயே ஆணியில் மாட்டிவிடுங்கள். அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

கன்னங்குறிச்சிக்காரன்

குறி போட்டாயிற்று. சொல்வதைத்தான் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளியிருக்கிறேன்.